என்ற ஆளு எப்புடி இருக்கறான்

மெக்கானிக் சாதிக் என் லாரி இன்ஜினின் பிளாக்கைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு லேத்துப் பட்டறைக்குப் போயிருக்கிறான். அவன் திரும்பி வருவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். யோசித்து வையுங்கள் மாமா, வந்து கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான், யோசனை என்பது ஊறப்போட்ட அரிசி மாதிரி, வந்து எடுத்தால் பதமாக இருக்கும் என்பதுபோல. யோசிக்க என்ன இருக்கிறது, இரண்டே வழிதான். ஒன்று, என் லாரியில் இத்தனை வருஷமாக ஓடிய இன்ஜினையே மறுபடி போர் அடித்து, அதாவது சிலிண்டரை உள்ளே கடைந்து, புது லைனர், புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டுக் கட்டுவது. இன்னொன்று, அதோ அந்த மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் குந்தியிருக்கிற பழைய இன்ஜினை, வேறொரு லாரியிலிருந்து இறக்கியதை, அப்படியே தூக்கி மாட்டிக்கொண்டு நாளை மறுநாளே சேலத்துக்குப் போய் ஜவ்வரிசி லோடு ஏற்றுவது. சங்ககிரியில் எந்த டிரைவரை நிறுத்திக் கேட்டாலும் இரண்டாவதைத்தான் சொல்வான். பிரித்த இன்ஜின் எதை எதைக் காட்டும் என்று யாருக்கும் தெரியாது, பிரித்தபிறகு பிளாக்கில் விரிசல் என்று சொன்னால் செலவு செய்ததெல்லாம் போச்சு, வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் என்றால் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் கணக்கு. ஜவ்வரிசி மில் மேனேஜர் நேற்றே சொல்லிவிட்டார், வாரக் கடைசிக்குள் வண்டி வராவிட்டால் அந்த லோடு வேறு வண்டிக்குப் போய்விடும், ஒருமுறை போனால் திரும்பி வராது. கட்டிய இன்ஜின் என்றால் உடனே முழுப் பாரமும் ஏற்ற முடியாது, புதுப் பிள்ளையைப் போல முதல் கொஞ்ச நடைக்குப் பாதி லோடு, மெதுவான ஓட்டம். இதெல்லாம் எனக்குத் தெரியாததா. தெரிந்துகொண்டே ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான் தெரியவில்லை.

உட்கார்ந்திருப்பது ஏதோ ஒரு லாரியிலிருந்து கழற்றிப் போட்ட சீட். ஸ்பிரிங் ஒன்று தொடையைக் குத்துகிறது, நகர்ந்தால் இன்னொன்று குத்துகிறது. எதிரில் என் வண்டி நிற்கிறது. முன்பக்கத்துக் கம்பி ஜாலியும் ரேடியேட்டரும் இல்லாமல், பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்ட ஆள் மாதிரி, வாயைத் திறந்துகொண்டு. உள்ளே இன்ஜின் இருந்த இடத்தில் ஒரு குருவி போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறக்கிறது. மகுடஞ்சாவடி தாண்டி வரும்போது முதலில் ஆயில் விளக்கு எரிந்தது, பிறகு அடியிலிருந்து யாரோ சுத்தியலால் தட்டுவது மாதிரி ஒரு சத்தம், கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிற பஸ் தெரியவில்லை, அவ்வளவு புகை. ஓரங்கட்டி நிறுத்திச் சாவியை அணைத்தேன். அணைத்த பிறகு வந்த அந்த அமைதி இருக்கிறதே, அதுபோல ஒன்றை நான் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் ஒருமுறை கேட்டிருக்கிறேன், அதை இப்போது நினைக்க வேண்டாம். காலையில் இங்கே வந்ததும் சாதிக் லேத்துக்காரனிடம் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், சும்மா இருக்க முடியாமல் போய் அந்தத் தார்ப்பாயைத் தூக்கினேன். இன்ஜின் எண் அடித்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அப்பு கிரீஸ். கை தன்னால் போய் அதைத் துடைத்தது. அடியில் ஒரு புள்ளி. உளி முனையால் அடித்த ஒற்றைப் புள்ளி. தூக்கியிருக்கவே கூடாது. அந்தக் கிரீஸை விரலால் வழித்து மறுபடி அதே இடத்தில் அப்பிவிட்டுத் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தவன்தான்.

அது என்னுடைய இன்ஜின். என்னுடையது என்றால், நான் கொடுத்த பணத்துக்கு, என் பேரில் வந்த லாரியில், ஃபாக்டரியில் மாட்டி அனுப்பிய இன்ஜின். அப்படியென்றால் இத்தனை காலம் என் வண்டியில் ஓடி, இப்போது லேத்தில் கிடக்கிறதே, அது யாருடையது. அது சென்னியப்பனுடையது. இதைச் சொன்னால் கேட்கிறவன் நான் வெயிலில் உட்கார்ந்து மண்டை காய்ந்துவிட்டது என்பான். சென்னியப்பனும் நானும் ஒரே நாளில் வண்டி எடுத்தோம். அவன் அதற்கு முன்பு வேறொரு முதலாளியிடம் டிரைவர், நானும் அப்படித்தான், இரண்டு பேரும் நாசிக் வெங்காயத்துக்குப் போய்ப் போய்ப் பழகி, ஒரு மழை நாளில் இரண்டு லாரிக்கும் நடுவே தார்ப்பாயைக் கட்டி அதற்கடியில் ஸ்டவ் வைத்து ரசம் கொதிக்கும்போது, நாமளும் சொந்தமா ஆளுக்கொரு வண்டி எடுத்தா என்ன மாப்ள என்று அவன் கேட்டான். ரசம் பொங்கி வழிந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. எடுத்தபோது வெறும் சேசிஸ்தான் கிடைக்கும், பாடி நாம்தான் திருச்செங்கோட்டில் கொண்டுவந்து கட்ட வேண்டும். கேபின் கிடையாது, கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, ஒரு பலகையைக் கயிற்றால் கட்டி அதுதான் சீட். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, இரண்டு எலும்புக்கூடுகளை முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டு வந்தோம். காற்று நேராக நெஞ்சில் அடிக்கும், இன்ஜின் முழங்காலுக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கும், அதன் சூடு, அதன் புது பெயிண்ட் காய்கிற வாசனை. வழியில் மழை பிடித்தது, ஒதுங்க இடமில்லை, ஒதுங்கவும் தோன்றவில்லை. ஊர் வந்து சேர்ந்தபோது துண்டை அவிழ்த்தால் கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு, மீதி முகம் அவரவர் நிறம். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். சொந்த வண்டிக்காரன் என்ற நினைப்பில் இரண்டு பேரும் அன்றைக்கு நடந்த நடையே வேறு. அந்த நடையை இன்னொரு தடவை நடந்து பார்க்க வேண்டும்போல இருக்கிறது, முழங்கால் விடாது.

பாடி கட்டியதும் ஒரே பட்டறை, ஒரே ஆசாரி, ஒரே பெயிண்டர். இரண்டுக்கும் ஒரே பச்சை, ஒரே மஞ்சள் கோடு. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் நம்பர் பலகையைப் பார்த்தால்தான் எது எவனுடையது என்று தெரியும். அதில் ஒரு பெருமை இருந்தது எங்களுக்கு, இப்போது நினைத்தால் சின்னப் பிள்ளைத்தனம். முதல் தடவை இன்ஜின் வேலை வந்ததும் சொல்லி வைத்தாற்போல இரண்டுக்கும் ஒன்றாகத்தான் வந்தது. இஸ்மாயில் பாயிடம் விட்டோம். சாதிக்கின் அத்தா, அவனைப் பெற்றவர். இதே பட்டறைதான், அப்போது கூரை இல்லை, வேப்ப மரத்துக் கிளையில் சங்கிலி போட்டு இன்ஜினைத் தூக்குவார். இரண்டு இன்ஜினும் ஒரே மாதிரி இருக்கிறதே, குழம்பிவிடக் கூடாது என்று அவரே உளியை எடுத்து அடையாளம் வைத்தார், என்னுடையதுக்கு ஒரு புள்ளி, அவனுடையதுக்கு இரண்டு. அவ்வளவு ஜாக்கிரதையான மனுஷர். ஒரு நட்டு மிச்சமானால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவருக்கு. ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது, பூஜைக்கு வண்டி வேண்டும் என்று எல்லாரும் அவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும்தான். பூஜைக்குப் புதிதாக எழுத வேண்டும் என்று இரண்டு வண்டியின் நம்பர் பலகைகளையும் கழற்றி நாங்களேதான் பெயிண்டரிடம் கொடுத்தோம். அப்புறம் இரண்டு வண்டியையும் கழுவுவதற்காகத் தள்ளி வெளியே கொண்டுபோனார்கள். கழுவித் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள், என் வண்டியின் இடத்தில் அவன் வண்டியையும் அவன் வண்டியின் இடத்தில் என் வண்டியையும் நிறுத்திவிட்டார்கள். பலகையும் இல்லை, பெயிண்டும் ஒன்று. பாய் புள்ளியைச் சரியாகத்தான் பார்த்தார், ஒரு புள்ளியை அர்த்தனாரி வண்டி, அதாவது என் வண்டி, நிற்கிற இடத்தில் மாட்டினார், இரண்டு புள்ளியைச் சென்னியப்பன் வண்டி நிற்கிற இடத்தில் மாட்டினார். இடம்தான் பொய் சொல்லிவிட்டது. பூஜையும் நடந்தது, எலுமிச்சையும் நசுங்கியது, பூசணிக்காயும் உடைந்தது, இரண்டு பேரும் கேபினுக்குள் இருந்த சாமானைப் பார்த்து அவரவர் வண்டியில் பலகையை மாட்டி, ஏறிக் கிளம்பிப் போனோம்.

தொப்பூர் ஏற்றத்தில்தான் தெரிந்தது. அவன் முன்னால், நான் பின்னால், இரண்டிலும் நல்ல பாரம். என் இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு, ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு இறங்கினால் இரைச்சலுக்கு நடுவே மெல்லியதாக ஒரு விசில் வரும், பால் குக்கர் கூவப்போவதற்கு முன்னால் ஒரு இழுப்பு இழுக்குமே, அந்த மாதிரி. எத்தனையோ மெக்கானிக் பார்த்தும் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, பாதகமும் இல்லை, விட்டுவிட்டேன். அன்றைக்கு அந்த விசில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் கியர் மாற்றினேன், என் காலடியில் விசில் இல்லை. முன்னால் அவன் மாற்றினான், விசில் வந்தது. உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது எனக்கு, நான் இங்கே உட்கார்ந்திருக்க என் குரல் அங்கே எவனோ பேசுகிறதுபோல. மேலே போனதும் டீக்கடை ஓரம் அவன் நிறுத்தினான், நானும் நிறுத்தினேன். இறங்கி வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். "மாப்ள, உன்ற சட்டைய நாம் போட்டிருக்கறனாட்ட இருக்குது" என்றான். அவனுக்கு அடையாளம் இருமல். அவன் இன்ஜின் குளிர் நேரத்தில் ஸ்டார்ட் செய்தால் கிழவன் மாதிரி நாலு இருமல் இருமிவிட்டுத்தான் நிலைக்கு வரும், காலையில் அது இருமவில்லை என்பதை அவன் அப்போதே கவனித்துவிட்டான், என்னிடம் சொல்லத்தான் வெட்கப்பட்டுக்கொண்டு வந்திருக்கிறான். டார்ச்சை வாங்கி இரண்டு பேரும் பானட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தோம். அவன் வண்டியில் ஒரு புள்ளி. என் வண்டியில் இரண்டு. டீக்கடைக்காரர் இந்த இரண்டு தடியர்களும் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று வந்து எட்டிப் பார்த்தார்.

திரும்பிப் போனதும் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் பேச்சு. ஆனால் மாற்ற வேண்டுமானால் பாயிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மனுஷர் அதே இடத்தில் உட்கார்ந்துவிடுவார், கூலி வாங்காமல் மாற்றித் தருவார், அதற்கப்புறம் ஒரு மாசம் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். பார்த்துக்கொள்ளலாம் மாப்ள, அடுத்த நடை முடியட்டும் என்றான் சென்னியப்பன். அடுத்த நடை முடிந்தது, இன்னொரு நடை வந்தது. அப்புறம் அது பழகிப்போய்விட்டது. அதற்கப்புறம், எனக்கு இதைச் சொல்ல ஒரு மாதிரி இருக்கிறது, அது எங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. சாலையில் எங்கே சந்தித்தாலும், சௌக்கியமா சாப்பிட்டாயா என்பதெல்லாம் பிறகு, முதல் கேள்வி இதுதான்: "என்ற ஆளு எப்புடி இருக்கறான்?" அவன் என் வண்டியில் ஓடுகிற தன் இன்ஜினைக் கேட்கிறான். நல்லா இருக்கறான், எண்ணெய்தான் கொஞ்சம் கூடக் குடிக்கறான், உன்னைய மாதிரியே என்பேன். பிறகு நான் கேட்பேன், என்ற ஆளு எப்புடி. விசிலடிச்சுக்கிட்டே போறான் மாப்ள, வயசு திரும்புதாட்ட இருக்குது என்பான். மாமியார் வீட்டில் இருக்கிற பிள்ளையை விசாரிப்பதுபோலத்தான். என் வண்டியை அவன் கடந்து போகும்போது காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே போவான். கூட நாலு பேர் இருந்தால் இவர்கள் யாரை விசாரிக்கிறார்கள் என்று முழிப்பார்கள். என் வீட்டுக்காரி தெய்வானைகூட ரொம்ப நாள் நாங்கள் இரண்டு பேரும் எங்கேயோ ஒரு குடும்பத்தை ரகசியமாக வைத்திருக்கிறோமோ என்று சந்தேகப்பட்டாள், அவளிடமும் சொல்லவில்லை. பாயின் நல்ல பெயர் அதில் இருந்தது. பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருவதற்கு முன்னால் பாய் பார்த்துவிடக் கூடாது என்று அந்தப் புள்ளிகள்மேல் கிரீஸை அப்பிவிட்டுத்தான் வருவோம், அவன் என்னுடையதில், நான் அவனுடையதில். பாய் ஒரு நாளும் கவனித்ததில்லை. அவர் இறந்துபோனபோது ஜனாஸாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றோம். கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாமலே முடிச்சுட்டம் மாப்ள என்று சென்னியப்பன் என் காதில் சொன்னான், அதில் அவனுக்கு ஒரு திருப்தி.

தெய்வானை போன் செய்கிறாள். எடுத்தேன். என்ன முடிவு பண்ணினீர்கள் என்கிறாள். சாதிக் லேத்துக்குப் போயிருக்கிறான் என்றேன். ஓடுகிற இன்ஜின் ஒன்று இருக்கிறதாமே, மருமகன் சொன்னார், அதை மாட்டிக்கொண்டு வாருங்கள், இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப்போகிறீர்கள் என்கிறாள். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வி கொஞ்ச நாளாக என் முதுகுக்குப் பின்னாலேயே வருகிறது, இண்டிகேட்டர் போட்டும் முந்திப் போகாத வண்டி மாதிரி. சோறு ஆறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துவிட்டாள். எனக்கும் பசிக்கிறது, ஆனால் எழுந்தால் மறுபடி அந்தத் தார்ப்பாயிடம் போய்விடுவேன் என்று பயமாக இருக்கிறது. அது எப்படி இங்கே வந்தது. சென்னியப்பன் போன பிறகு அவன் பையன்கள் வண்டியை விற்றுவிட்டார்கள், இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை, லாரியை வைத்து என்ன செய்வார்கள். அது எங்கெங்கோ போய், யார் யாரிடமோ மணல் ஏற்றி, ஜல்லி ஏற்றி, ஏதோ ஒரு பழைய இரும்புக் கடையில் உடைபட்டு, இன்ஜின் மட்டும் சுற்றிச் சுற்றிச் சாதிக்கின் கையில் வந்து விழுந்திருக்கிறது. சாதிக்குக்கு அது யாருடையது என்று தெரிய வழியில்லை. அவனுக்கு அது நல்ல நிலையில் இருக்கிற ஒரு செகண்ட் இன்ஜின், தெரிந்த மாமாவுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறான். நானாகத் தேடிப் போகவில்லை, அதுவாக என்னிடம் வந்திருக்கிறது. என் பொருள் என்னிடம் வந்தால் வாங்கிக்கொள்ள என்ன தயக்கம்.

அங்கேதான் சிக்குகிறது. என் பொருள் எது. பணம் கொடுத்து வாங்கியது என்னுடையதா, ஓட்டித் தேய்த்தது என்னுடையதா. தார்ப்பாய்க்கு அடியில் இருப்பதை நான் ஓட்டியது கொஞ்ச வருஷம்தான், அதற்கப்புறம் அது பார்த்த மலையெல்லாம் சென்னியப்பனுடைய கால் மிதித்து ஏறிய மலை. அப்படிப் பார்த்தால் அதுதான் அவன். அதை எடுத்து மாட்டினால் அவன் கால் பட்டதை நான் ஓட்டுவேன், விசில் வரும், அந்த விசிலை அவன் இத்தனை வருஷம் கேட்டிருப்பான். நல்லதுதானே. சரி, அதையே மாட்டிவிடலாம். மாட்டினால் லேத்தில் கிடக்கிறது என்ன ஆகும். உடைத்து எடைக்குப் போடுவார்கள். அதில் என் கால் மிதித்த மலையெல்லாம் இருக்கிறது, ஆனால் பிறப்பால் அது அவனுடையது, இரண்டு புள்ளி. அப்போது அதுதான் அவன். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து அந்தப் புள்ளியிலேயே நிற்கிறேன். பிஸ்டன் புதுசு, லைனர் புதுசு, ரிங் புதுசு, பேரிங் புதுசு என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் கட்டிய இன்ஜினில் அவன் எங்கே மிச்சம் இருப்பான் என்று இன்னொரு யோசனை. பிளாக்கில் இருப்பான். புள்ளி பிளாக்கில்தான் இருக்கிறது, அதை யாரும் மாற்றப் போவதில்லை. ஆனால் அந்த இருமல். எல்லாம் புதிதாகப் போட்டால் அந்த இருமல் போய்விடுமோ. ஒவ்வொரு விடியற்காலையிலும் சாவியைத் திருப்பினால் நாலு இருமல் இருமி, தொண்டையைச் சரி செய்துகொண்டு, போலாம் மாப்ள என்கிற அந்த இருமல். அவன் போன பிறகு எனக்கு அது எவ்வளவு துணையாக இருந்தது என்று யாரிடம் போய்ச் சொல்வேன். சொன்னால் மருமகன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார்.

நினைக்க வேண்டாம் என்று தள்ளி வைத்தது வந்துவிட்டது. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் சென்னியப்பன் கட்டிலில் கிடந்தான், அவ்வளவு பெரிய உடம்பு, போர்வைக்கு அடியில் ஆள் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. மூக்கில் குழாய். பக்கத்தில் ஒரு மெஷின் தன் பாட்டுக்கு ஒரே கதியில் ஓடிக்கொண்டிருந்தது, நல்ல டியூனிங் என்று எனக்குத் தோன்றியது, தோன்றியதற்கு வெட்கப்பட்டேன். பேச முடியாது, பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கியர் ராடு பிடித்துப் பிடித்துக் காய்த்த அந்த இடம் இன்னும் அப்படியே இருந்தது. அவன் கண்ணைத் திறந்தான், குழாயை மீறி, கஷ்டப்பட்டு, அதே கேள்வியைக் கேட்டான். என்ற ஆளு எப்புடி இருக்கறான். அப்போதே அந்த இன்ஜின் புகைய ஆரம்பித்திருந்தது. ஆயில் குடித்தது, ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, அன்றைக்குக்கூட ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றித்தான் வந்தேன். "நல்லா இருக்கறான் மாப்ள" என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். என்னைத் திருப்பிக் கேட்கச் சொல்கிற மாதிரி அவன் பார்த்தான், நான் கேட்கவில்லை, அவன் வண்டி வீட்டு வாசலில் மாசக்கணக்கில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த மெஷின் நின்றது. கதவு சாத்தியிருந்தும் எனக்குக் கேட்டது.

குட்டியானைச் சத்தம். சாதிக் வந்துவிட்டான். பின்னால் பிளாக் கயிற்றால் கட்டிக் கிடக்கிறது, கழுவி, கறை எல்லாம் போய், வெள்ளிப் பாத்திரம் மாதிரி. சாதிக் இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து குந்தினான். விரிசல் எதுவும் இல்லையாம் மாமா என்றான். போர் இன்னும் ஒரு தடவை தாங்குமாம், இதுதான் கடைசி, இதற்குமேல் கடைந்தால் சுவர் நிற்காதாம். கட்டினால் பத்து நாள் ஆகும், கட்டியும் எத்தனை வருஷம் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றான். இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். வலது கைக் கட்டைவிரலில் கிரீஸ், புதுக் கிரீஸ், காலையிலிருந்து துடைக்காமலே உட்கார்ந்திருக்கிறேன்.

"தார்ப்பாயத் தூக்கிப் பாத்துட்டீங்களா மாமா?"

வண்டியில் ஏதோ பார்த்தேன், அதில் ஒட்டியது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். இத்தனை வருஷம் காப்பாற்றிய மானம், பிள்ளையிடம் போய் அவனுடைய அத்தா தப்பாக மாட்டினார் என்று எப்படிச் சொல்வது. அதற்குள் சாதிக் சொல்ல ஆரம்பித்துவிட்டான், தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக.

"அது உங்க இன்ஜினு மாமா. அத்தா மௌத்தாகறதுக்கு முன்னாடி எங்கிட்டச் சொன்னாரு. பூச அவசரத்துல மாத்தி மாட்டிட்டாராம். அடுத்தாட்டி சென்னியப்பன் மாமா வண்டி வேலைக்கு வந்தப்ப, என்ன இது இந்த எடத்துல மட்டும் கிரீஸ் அப்பிக் கெடக்குதுன்னு தொடச்சுப் பாத்திருக்கறாரு. பாத்ததும் அவருக்குப் புரிஞ்சு போச்சு, நீங்க ரெண்டு பேரும் அவருக்குத் தெரியக் கூடாதுன்னு மறைக்கறீங்கன்னு. அதனால அவரும் மறுபடி கிரீஸ அப்பி வெச்சுட்டாரு. வண்டி எப்ப வந்தாலும் தொடச்சுப் பாப்பாராம், அப்பி வெச்சிருவாராம்."

வேப்ப மரம் இருந்த இடத்தைப் பார்த்தேன். இப்போது அங்கே இரும்புத் தூண். பாய் சாயங்கால வெளிச்சத்தில் குனிந்து, ஒரு விரலால் கிரீஸை வழித்து, புள்ளியைப் பார்த்து, மறுபடி அதே விரலால் மூடுகிறார். எத்தனை வருஷம். ஜனாஸாவில் சென்னியப்பன் என் காதில் சொன்னதைக் கேட்டிருந்தால் பாய் சிரித்திருப்பாரோ. கண் கலங்கிவிட்டது எனக்கு, மறைக்கவும் இல்லை.

"சென்னியப்பன் வண்டி என்னைக்காச்சும் கைமாறுனா அந்த ஒத்தப் புள்ளிய வாங்கிக் கொண்டாந்து அர்த்தனாரிகிட்டக் குடுத்துருன்னாரு. சென்னியப்பன் மாமா வண்டிய வித்ததுலருந்து தேடிக்கிட்டிருந்தன். போன மாசந்தான் கெடச்சுது. உங்களுக்குத் தெரியாமயே மாட்டிரலாம்னு நெனச்சு நாந்தான் கிரீஸ் வெச்சன். எடுத்துக்கங்க மாமா. அத்தாவோட பாரம் எறங்கட்டும்."

அதனால்தான் இந்த இன்ஜினை எனக்காக எடுத்து வைத்திருக்கிறானா. எழுந்தேன். இந்த முறை முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. மூலைக்குப் போய்த் தார்ப்பாயை முழுசாக இழுத்துப் போட்டேன், வேஸ்ட் துணியை எடுத்து அந்தக் கிரீஸை அழுத்தித் துடைத்தேன். ஒற்றைப் புள்ளி வெயிலில் பளிச்சென்று தெரிந்தது, இனி யாருக்காக மூட வேண்டும். நல்ல இன்ஜின். சென்னியப்பன் நன்றாகத்தான் வைத்திருந்திருக்கிறான், ஒரு இடத்தில்கூட எண்ணெய் கசிவு இல்லை, நான் வைத்திருந்தால் இவ்வளவு நன்றாக வைத்திருக்க மாட்டேன். உள்ளங்கையை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். தார்ப்பாய்க்கு அடியில் இருந்ததால் சுட்டது. அப்புறம் குட்டியானைக்கு வந்து, கழுவிய பிளாக்கில் இரண்டு புள்ளியையும் தேடிக் கண்டுபிடித்தேன். லேத்துக்காரன் நன்றாகத்தான் கழுவியிருக்கிறான். மேனேஜர் லோடை வேறு வண்டிக்குக் கொடுப்பார், கொடுக்கட்டும். தெய்வானை இரண்டு நாள் பேச மாட்டாள்.

"அந்த ஒத்தப் புள்ளிக்கு ஒரு நல்ல வண்டியாப் பாத்து மாட்டிக் குடு சாதிக்கு. விசிலடிக்கும், பயப்படாதன்னு சொல்லு."

"மாமா, அப்ப அத்தா சொன்னது?"

"உங்கத்தா ஒண்ணும் மாத்தி மாட்டல. சரியாத்தான் மாட்டியிருக்கறாரு. நீ இதையே கட்டு, பத்து நாளோ இருவது நாளோ ஆவட்டும். நல்லா இருக்கறான்னு சென்னியப்பங்கிட்டச் சொல்லிப் போட்டன்."